மிக்கி மவுஸும் மாப்பிள்ளையின் எக்ஸெல்லும்

வால்ட் டிஸ்னி வேர்ல்டுக்குப் போய்ச் சேருவதில் ஒரு சிரமமும் கிடையாது. அட்லாண்டாவில் காரை எடுத்துத் தெற்கே பார்த்து ஏழு மணி நேரம் ஓட்டினால் ஆர்லண்டோ தானாக வந்துவிடும். சிரமமெல்லாம் அதற்கு முந்தைய மாதங்களில்தான்.

அட்லாண்டாவின் புறநகரில் குடியிருக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்தை எடுத்துக்கொள்ளலாம். கணவர் மென்பொருள் நிறுவனமொன்றில் புராஜெக்ட் மேனேஜர். மனைவியும் அதே துறைதான், வேறு கம்பெனி. ஒன்பது வயதில் ஒரு பெண், ஐந்து வயதில் ஒரு பையன். மதுரையிலிருந்து மனைவியின் பெற்றோர் ஆறு மாதம் தங்கிப்போக வந்திருக்கிறார்கள். அப்படி வந்தவர்களுக்கு நயாகரா, சுதந்திர தேவி சிலை, டிஸ்னி மூன்றையும் காட்டாமல் விமானம் ஏற்றினால் ஊரில் மாப்பிள்ளையின் மரியாதை என்ன ஆவது?

நயாகராவுக்குத் திட்டம் வேண்டியதில்லை. யார் வந்தாலும் வராவிட்டாலும் தண்ணீர் விழுந்துகொண்டிருக்கும். சிலையும் எங்கேயும் போய்விடாது. டிஸ்னிதான் ஆளைப் படுத்துகிறது.

"காலைல போனா சாயங்காலம் திரும்பிரலாம்ல மாப்ளே?" என்று மாமனார் கேட்டார். அவர் மனத்தில் இருந்தது தமுக்கம் மைதானத்துப் பொருட்காட்சி. மாப்பிள்ளை லேப்டாப்பைத் திறந்து வரைபடத்தைக் காட்டினார். நூறு சதுர கிலோமீட்டருக்கு மேல் பரப்பு. பெரும்பாலும் சதுப்பு நிலமாகக் கிடந்ததை 1960களில் வால்ட் டிஸ்னியின் ஆட்கள் வேறு வேறு கம்பெனிப் பெயர்களில் சத்தமில்லாமல் வாங்கிப் போட்டார்கள். வாங்குவது யாரென்று தெரிந்தால் விலை ஏறிவிடும் என்ற பயம். 1965இல் உள்ளூர்ப் பத்திரிகை விஷயத்தை உடைத்ததும் அப்படியேதான் ஏறியது. "வெவரமான ஆளுதான்" என்றார் மாமனார். ரியல் எஸ்டேட் வழியாகத்தான் டிஸ்னி அவருக்கு நெருக்கமானார்.

அந்த நிலத்தில் இப்போது நான்கு பெரிய பூங்காக்கள். 1971இல் மேஜிக் கிங்டம், 1982இல் எப்காட், 1989இல் இன்று ஹாலிவுட் ஸ்டுடியோஸ் என்று அழைக்கப்படுவது, 1998இல் அனிமல் கிங்டம். ஒவ்வொன்றும் ஒரு முழு நாளை விழுங்கும். மாப்பிள்ளையிடம் மிச்சமிருந்த விடுப்புக்கு ஒன்றுதான் கட்டும். மேஜிக் கிங்டம் என்று முடிவாயிற்று. சிண்ட்ரெல்லா அரண்மனை அங்கேதான் இருக்கிறது. பின்னால் அந்த அரண்மனை தெரியாத படத்தைக் காட்டி டிஸ்னி என்று சொன்னால் மதுரையில் யாரும் நம்ப மாட்டார்கள்.

ஆனால் இதே முடிவுக்கு உலகமே வந்திருக்கிறது. உலகில் அதிகம் பேர் போகும் தீம் பார்க் மேஜிக் கிங்டம்தான். கொரோனாவுக்கு முந்தைய 2019இல் மட்டும் ஏறக்குறைய 2 கோடியே 9 லட்சம் பேர். நாள் கணக்கில் வகுத்தால் சராசரி 57 ஆயிரம்.

அடுத்தது தேதி. கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் நடுவில் போவதை யோசிக்கவே கூடாது. நன்றி நவிலும் நாள், ஈஸ்டர் விடுமுறை, இவையும் அப்படித்தான். பள்ளிகள் திறந்தபிறகு செப்டம்பரில் கூட்டம் மெலியும். ஆனால் அட்லாண்டிக் புயல்கள் உச்சத்துக்கு வருவதும் அதே செப்டம்பரில்தான். ஹாலோவீன் பருவத்தில் சில இரவுகளில் தனி டிக்கெட் போட்டு விருந்து நடத்துவார்கள். அன்றைக்கு மட்டும் சாதாரண டிக்கெட்காரர்களை மாலை 6 மணிக்கே வெளியே அனுப்பிவிடுவதால் பகலில் கூட்டம் குறைவாக இருக்கும். இந்த ரகசியத்தைக் கண்டுபிடித்த மாப்பிள்ளை, வீட்டில் ஒரு பாராட்டை எதிர்பார்த்தார். "ராத்திரி வாணவேடிக்கை பாக்காம வர்றதுக்கு எதுக்குங்க அவ்வளவு தூரம் போகணும்?" என்று மனைவி ஒரே கேள்வியில் அதை முடித்துவைத்தார். கடைசியில் எல்லோரும் போகும் ஜூன் மாதத்திலேயே போவதாகத் தீர்மானம் நிறைவேறியது. புளோரிடாவில் கோடைக்காலப் பிற்பகல் என்றால் இடியும் மழையும் அநேகமாக நிச்சயம் என்பது ஓர் அடிக்குறிப்பாக எக்ஸெல்லில் ஏறியது.

ஆம், அதற்குள் எக்ஸெல் பிறந்துவிட்டது. முதல் தாள் செலவு.

1971இல் கதவு திறந்தபோது பெரியவர்களுக்கு நுழைவுக் கட்டணம் 3.50 டாலர், சவாரிகளுக்குத் தனிச் சீட்டு. இப்போது தேதிக்குத் தேதி விலை மாறுகிறது. 100 டாலருக்கு மேலேதான் பேச்சே ஆரம்பிக்கும். பண்டிகை நாட்களில் 200ஐத் தொடும். மூன்று வயது நிறையாத குழந்தைக்கு இலவசம். ஒன்பது வயது வரை குழந்தைக் கட்டணம், பத்து ஆகிவிட்டால் டிஸ்னியின் கணக்கில் அது பெரிய மனுஷி. பேத்தியின் பத்தாவது பிறந்தநாள் எப்போது என்று மாமனார் விசாரித்தார். ஆகஸ்டில் என்றதும் நிம்மதியானார். "ஆகியிருந்தாத்தான் என்ன, ஒம்பதுன்னு சொல்லிக்கலாம். மூஞ்சியிலயா எழுதியிருக்கு?" மகள் முறைத்தார். மாமனார் பேச்சை மாற்றி, ஆறு பேருக்கான மொத்தத்தை ரூபாயில் பெருக்கினார். "இந்தக் காசுக்கு ஒரு கறவை மாடே வாங்கிரலாமே மாப்ளே." அன்று முதல் அந்த வீட்டில் டிஸ்னிச் செலவெல்லாம் மாட்டுக் கணக்கில்தான் பேசப்பட்டது.

இரண்டாவது தாள் உயரம். ஸ்பேஸ் மவுன்டனில் ஏற 44 அங்குலம் வேண்டும், டிரான் சவாரிக்கு 48, ஏழு குள்ளர்களின் சுரங்க ரயிலுக்கு 38. பையன் கதவு நிலையோடு ஒட்டி நின்றபோது நாற்பத்து மூன்றரை. நுழைவாயிலில் செருப்போடு நிறுத்தித்தான் அளப்பார்கள் என்று மாப்பிள்ளை எங்கோ படித்திருந்தார். அந்த வார இறுதியில் பையனுக்குப் புது ஷூ வந்தது. கால் அளவைவிட அடிப்பாகத்தின் கனத்தைத்தான் கடையில் அதிக நேரம் பார்த்தார்கள்.

மூன்றாவது தாள்தான் மாப்பிள்ளையின் இதயம்: எந்தச் சவாரிக்குப் பின் எது? இது விளையாட்டுச் சமாச்சாரமில்லை. ஊர் ஊராகச் சுற்றும் விற்பனையாளர் மிகக் குறைந்த தூரத்தில் எல்லா ஊரையும் முடிப்பது எப்படி என்பது கணினி அறிவியலில் பேர்பெற்ற சிக்கல். டிஸ்னியில் ஊர்கள் நகராவிட்டாலும் ஒவ்வோர் ஊரிலும் காத்திருக்க வேண்டிய நேரம் நிமிடத்துக்கு நிமிடம் மாறுகிறது. லென் டெஸ்டா என்பவர் தம் முதுகலை ஆய்வுக்கே இந்தத் தலைவலியை எடுத்துக்கொண்டார். பின்னர் டூரிங் பிளான்ஸ் என்று ஒரு தொழிலே நடத்தும் அளவுக்கு அது வளர்ந்தது. ஒரு மனிதர் இதில் பட்டமே வாங்கியிருக்கிறார் என்று தெரிந்ததும், மாப்பிள்ளை அலுவலக நேரத்திலும் குற்ற உணர்வில்லாமல் அந்தத் தாளைத் திறக்க ஆரம்பித்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரையும் சோபாவில் உட்காரவைத்து டிவி திரையில் விளக்கம் தொடங்கியது. 1999இல் ஃபாஸ்ட்பாஸ் என்று ஒன்றை இலவசமாகக் கொண்டுவந்தார்கள். சீட்டு எடுத்துக்கொண்டு, குறித்த நேரத்துக்கு வந்தால் நீண்ட வரிசையைத் தவிர்க்கலாம். 2020 வரை அது ஓடியது. 2021இல் ஜீனி பிளஸ் என்ற பெயரில் அதற்குக் காசு வந்தது. 2024 ஜூலையில் அதன் பெயர் லைட்னிங் லேன் மல்டி பாஸ் ஆனது. மூன்று சவாரிகளை முன்கூட்டியே பிடித்து வைக்கலாம். ஆனால் எல்லாச் சவாரியும் இதில் அடங்காது. டிரான் போன்றவற்றுக்கு சிங்கிள் பாஸ் என்று தனிக் காசு. டிஸ்னியின் சொந்த ஓட்டலில் தங்குவோர் ஏழு நாள் முன்னதாகவும், வெளியே தங்குவோர் மூன்று நாள் முன்னதாகவும், காலை 7 மணிக்குச் செயலியைத் திறந்து பதிய வேண்டும். இதற்கெல்லாம் மேலே பிரீமியர் பாஸ். நேரமெல்லாம் பார்க்க வேண்டாம், எப்போது வேண்டுமானாலும் நுழையலாம். நெரிசலான நாளில் ஆளுக்கு 400 டாலரையும் தாண்டும்.

அம்புக்குறிகளும் வண்ணக் கட்டங்களுமாகத் திரை மினுங்கியது. மனைவி போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமனார் கண்ணை மூடி யோசித்துக்கொண்டிருப்பதாக எல்லோரும் நம்பினார்கள்.

மாமியார் மட்டும் தலையாட்டினார். "சும்மா நிக்கிறது தர்ம தரிசனம். நீங்க சொல்ற மல்டி பாஸு முந்நூறு ரூபா டிக்கெட்டு. அந்த நானூறு டாலரு வி.ஐ.பி. பிரேக் தரிசனம். அவ்வளவுதானே மாப்பிள்ளை? இதுக்கு எதுக்கு இத்தனை அம்பு?"

திருப்பதியில் ஆன்லைனில் 300 ரூபாய் டிக்கெட் திறக்கும் நிமிடத்தில் அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் பதிந்துகொடுத்த அனுபவம் அவருக்கு உண்டு. வைகுண்டம் காம்ப்ளெக்ஸில் கம்பார்ட்மென்ட் கம்பார்ட்மென்ட்டாக உட்கார்ந்து எழுந்தவர். பதிவுப் பொறுப்பு அங்கேயே கைமாறியது. குறித்த நாளில் 6:55க்கே விளக்கேற்றிவிட்டு, மகளின் போனை மடியில் வைத்துக்கொண்டு, சரியாக 7 மணிக்கு வேண்டிய மூன்றையும் அவர் பிடித்தார். மாப்பிள்ளையின் போனில் அப்போதும் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.

வரிசை என்பதே ஒரு தனி சாஸ்திரம். சும்மா நிற்கும் நேரம் நீண்டதாகத் தெரியும், ஏதாவது வேலை இருந்தால் சுருங்கித் தெரியும் என்று டேவிட் மைஸ்டர் 1985இல் காத்திருப்பின் உளவியல் பற்றிய தம் கட்டுரையில் எழுதினார். டிஸ்னி இதைக் கரைத்துக் குடித்த நிறுவனம். வரிசையை வளைத்து வளைத்து விடுவதால் முன்னால் எத்தனை பேர் என்று தெரியாது. சுவரில் பொம்மை, தொட்டு விளையாடத் திரை, காதில் சங்கீதம். பலகையில் 60 நிமிடம் என்று போட்டிருக்கும். பல சமயம் அதற்கு முன்பே உள்ளே போய்விடலாம் என்பதை டெஸ்டா குழுவினர் திரட்டிய கணக்குகள் காட்டுகின்றன. நாற்பத்தைந்து நிமிடம் வெயிலில் நின்றவர் கால் மணி நேரம் லாபம் என்ற சந்தோஷத்தோடு நுழைகிறார்.

சாப்பாட்டுத் தாளில் சண்டை வரவில்லை. வெளியிலிருந்து உணவு கொண்டுபோக அங்கே தடையில்லை; கண்ணாடிப் பாத்திரமும் மதுவும்தான் ஆகாது. துரித உணவுக் கடைகளில் கேட்டால் குளிர்ந்த தண்ணீர் இலவசம். இந்த இரண்டு செய்தியும் தெரிந்தவுடன் புளியோதரை, தயிர்சாதம், மாவடு என்று மாமியார் பட்டியலை முடித்துவிட்டார். பாதுகாப்புச் சோதனையில் தூக்கைத் திறந்த ஊழியர் பெருங்காய வாசனையில் ஒரு கணம் பின்வாங்கி, மூடிக் கொடுத்துவிட்டார்.

நாளும் வந்தது. எக்ஸெல்லின் கணக்குப்படி கார் நிறுத்தியதும் பூங்கா. நிஜத்தில் நிறுத்துமிடத்துக்கும் அரண்மனைக்கும் நடுவில் ஒரு செயற்கை ஏரி இருக்கிறது. மோனோரயிலிலோ படகிலோ கடக்க வேண்டும். தாளில் ஏரிக்குக் கட்டமில்லை. கதவு திறக்கும் நேரத்துக்கு முன்னால் போய் நின்று, திறந்ததும் பெரிய சவாரிக்கு ஓட்டமும் நடையுமாகப் போவதை அங்கே ரோப் டிராப் என்பார்கள். அதற்குப் போனால் டிஸ்னி ஓட்டல்காரர்கள் அரை மணி முன்பே உள்ளே விடப்பட்டு, சுரங்க ரயில் வாசலில் வளைந்து நின்றிருந்தார்கள். கனத்த ஷூ போட்ட பையன் ஸ்பேஸ் மவுன்டன் அளவுகோலை ஒரு முடியளவில் ஜெயித்தான். உள்ளே இருட்டைப் பார்த்ததும் வரமாட்டேன் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டான். பதினொரு மணிக்கு ஒரு சவாரி பழுதாகி நின்றது. மூன்று மணிக்கு வானம் இடிக்க, திறந்தவெளிச் சவாரிகள் எல்லாம் நின்றன. மூன்றாவது தாளில் பச்சைக் கட்டங்களே இல்லை.

மாமனாருக்கு மட்டும் குறையேதும் இல்லை. கரோசல் ஆஃப் புரோகிரஸ் என்ற அரங்கு அவர் கண்ணில் பட்டது. 1964இல் நியூயார்க் உலகக் கண்காட்சிக்காக உருவாகி, கலிபோர்னியாவில் சில காலம் இருந்து, 1975இல் இங்கே வந்தது. மேடை நடுவில் நிற்க, பார்வையாளர் நாற்காலிகள் சுற்றிவரும். ஏறத்தாழ இருபது நிமிடம், ஏ.சி., மெத்தை இருக்கை, வரிசையே கிடையாது. முதல் காட்சியிலேயே அவர் உறங்கிவிட்டார். மழை விடும்வரை அடுத்தடுத்த காட்சிகளுக்கும் போய் வந்தார். ஊருக்குத் திரும்பியபின் டிஸ்னியில் எது பிரமாதம் என்று கேட்டவர்களுக்கெல்லாம் அதைத்தான் சிபாரிசு செய்தார்.

வாணவேடிக்கை முடிந்து, படகுக்கு நின்று, ஏரியைக் கடந்து வந்தபோது பையன் அப்பாவின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தான். எதிரே கண்ணுக்கு எட்டிய மட்டும் கார்கள். அங்கே நிறுத்துமிடங்களுக்கு டிஸ்னி நாயகர்கள், வில்லன்கள் பெயர்களை வைத்திருக்கிறார்கள். வில்லன் பக்கம் என்பதில் எல்லோருக்கும் ஒருமித்த கருத்து. எந்த வில்லன்?

"மீசை வெச்சவன்" என்றார் மாமனார் உறுதியாக.

கேப்டன் ஹூக்குக்கும் மீசை, ஜாஃபருக்கும் மீசை.

தொப்பி போட்ட ஊழியர் ஒருவர் வந்தார். எங்கே நிறுத்தினீர்கள் என்று அவர் கேட்கவேயில்லை. எத்தனை மணிக்கு வந்தீர்கள் என்றுதான் கேட்டார். கார்களை வரிசை வரிசையாக நிரப்பிக்கொண்டே போவார்கள். எந்த வரிசை எந்த நேரத்தில் நிரம்பியது என்ற குறிப்பு அவர்களிடம் இருக்கும். நேரத்தைச் சொன்னால் இடத்தைச் சொல்வார்கள்.

மாப்பிள்ளை போனில் எக்ஸெல்லைத் திறந்தார். கார் நிறுத்துதல்: திட்டம் 7:40, நடப்பு 7:43. ஊழியர் தம் தாளைப் பார்த்துவிட்டு, ஜாஃபர் என்று கைகாட்டினார்.

நெடுஞ்சாலையில் ஏறியபிறகு பின்னிருக்கையில் அத்தனை பேரும் தூக்கம். முன்னிருக்கையில் இருந்த மனைவி மெதுவாகச் சொன்னார்: "ஏங்க, அந்த எக்ஸெல்ல அழிச்சிராதீங்க. அடுத்த வருஷம் உங்க அம்மா அப்பா வர்றாங்கல்ல."