வரிசையில நில்லு மருமவனே

ஏல மருமவனே, இந்த மாசமும் இங்கிலீஷ் வகுப்புக்குப் பவுண்டு கட்டிட்டியாமே? ரொம்பச் சந்தோசம். வாத்தியாருக்கும் பிள்ளகுட்டி இருக்கும்லா.

நீ குடியிருக்கது ஈஸ்ட் ஹாம். காலையில தோசைக்குத் தமிழு, முடிவெட்டத் தமிழு, வெள்ளிக்கெழம முருகன் கோயில்ல தமிழு. லண்டனுக்கு வந்தும் இங்கிலீஷ் காதுல விழாம இருக்கணும்னா இதைவிடத் தோதான எடம் கெடையாது. தேடிப் பிடிச்சியோ?

இங்கிலீஷ் பேசிப் பழகணும்னா நான் சொல்லுதக் கேளு. ஜூன் கடைசி வாக்குல விம்பிள்டன் தொடங்கும். டென்னிஸ் பாக்கச் சொல்லல, வரிசையில நிக்கச் சொல்லுதேன். அன்னன்னைக்கு வரிசையில நின்னே டிக்கெட் வாங்கலாம். முந்தின ராத்திரியே பார்க்குல கூடாரம் அடிச்சுப் படுத்திருப்பாங்க. கையில நம்பர் போட்ட அட்டை ஒண்ணு குடுப்பாங்க. எப்படி நிக்கணும்னு புத்தகமே அச்சடிச்சு வச்சிருக்க சனம்லா! அரை மணி நேரத்துக்கு மேல எடத்த விட்டுப் போனா எடம் போச்சு. சூட்சுமமே அதுலதான் இருக்கு. ரயில்ல முட்டி இடிச்சாலும் வாயத் தெறக்காத வெள்ளக்காரன் இங்க எங்க ஓடுவான்? பொழுது ஏற ஏற, ‘இந்தப் பையக் கொஞ்சம் பாத்துக்கிடுதீங்களா’ன்னு அவனே உன்கிட்ட வந்து நிப்பான்.

பேச விசயம் இல்லையாக்கும்? நம்ம ராமநாதன் கிருஷ்ணன் 1960-லயும் 1961-லயும் அங்க அரையிறுதி வரைக்கும் ஆடினவரு. மொத வருசம் நீல் ஃப்ரேசர்கிட்ட தோத்தாரு, மறு வருசம் ராட் லேவர்கிட்ட. செயிச்ச ரெண்டு பேருமே அந்தந்த வருசத்துக் கோப்பையத் தூக்கினவனுவ. இத எடுத்து விடு. பழைய ஆட்டம் பாத்த கெழவி ஒருத்தி பக்கத்துல வாச்சா, வெயில் சாயுத வரைக்கும் விடமாட்டா. நீ நடுவுல ‘ரியலி?’ன்னு ஒண்ணு போட்டாப் போதும். அது தீந்து போச்சுன்னா ஸ்ட்ராபெரி இருக்கு. 2010-லேர்ந்து ரெண்டரைப் பவுண்டா இருந்ததை 2025-ல 2 பவுண்டு 70 பென்ஸ் ஆக்கிட்டான். வெலவாசிப் பொலம்பல் உனக்கு நான் சொல்லித் தரணுமா? நீ பேசுன பேரத்துல கத்திரிக்காய்க்காரி அழுத கத ஊருக்கே தெரியும்.

ஞாயித்துக்கெழம ஆனா ஹைட் பார்க்குக்குப் போ. மார்பிள் ஆர்ச் பக்கத்து மூலை, ஸ்பீக்கர்ஸ் கார்னர். பார்க்குல கூட்டம் போட்டுப் பேசதுக்கு 1872-லயே சட்டம் வழி விட்டாச்சு. ஒருத்தன் ஏணியில ஏறி ‘ஒலகம் அழியப் போகுது’ம்பான். கீழ நிக்கவன் ‘எத்தன மணிக்கு?’ம்பான். அங்க நீ வாயத் தெறக்காத, காத மட்டும் குடு. சண்ட போடுதவன் சொன்னதையே நாலு வெதமாத் திருப்பித் திருப்பிச் சொல்லுவான். பவுண்டு கட்டுதியே, உன் வாத்தியாரு சொல்லுவாரா?

தேம்ஸ் கரையில குளோப் தியேட்டர் இருக்கு. நடுமுத்தத்துக்குக் கூரை கெடையாது. நின்னு பாக்கவனுக்கு டிக்கெட் மலிவு. ஷேக்ஸ்பியர் உனக்குப் புரியாது. கவலப்படாத, பக்கத்துல நிக்கவனுக்கும் அரகுறதான். ஊர் சிரிக்கப்ப அவனும் சிரிப்பான். எடவேளையில ரெண்டு பேரும் கால்வலியப் பத்திப் பேசிக்கிடலாம்.

ஆகஸ்ட் மாசத்துக் கடைசித் திங்களும் அதுக்கு முந்தின ஞாயிறும் நாட்டிங் ஹில் கார்னிவல். கரீபியன் சனங்களோட திருவிழா. மேளம் அடிக்க அடியில உன் எலக்கணம் எவன் காதுலயும் விழாது. ஒரு தட்டு ஜெர்க் சிக்கன் வாங்கணும்னாலும் தொண்ட கிழியக் கத்தணும். உன்ன மாதிரி முணுமுணுக்க பயலுக்கு அதுதான் பள்ளிக்கூடம்.

ஆனா ஒண்ணு, ரூமுக் கூட்டாளிகள இழுத்துட்டுப் போயிராத. விம்பிள்டன் கூடாரத்துக்குள்ள விடிய விடியச் சீட்டு ஆடிட்டு, புளியோதரையத் தின்னுட்டுத் திரும்பி வந்து, ‘இந்த ஊர்ல ஒருத்தனும் பேச மாட்டுக்கான் மாமா’ம்பீங்க.

மழை வருமேன்னு இழுக்காத. வரத்தான் செய்யும். வரிசைக்குக் கொடைய மட்டும் பெருசாப் பாத்து எடுத்துட்டுப் போ. நனையுதவன் எவனாவது வந்து ஒதுங்குவான்லா.