அறிமுக விலையியல்: பாலபாடம்

கிராஃபிக்ஸ் கார்டின் விலை இருவகைப்படும்: மேடையில் சொல்லும் விலை, கடையில் கேட்கும் விலை. முதலாவது டாலரில் இருக்கும், 9இல் முடியும், கைதட்டலோடு வரும். இரண்டாவது வாட்ஸ்அப்பில் வரும். "இன்னிக்கு ரேட்டு இதுதான் சார், நாளைக்கு நான் கேரன்ட்டி இல்ல" என்ற பின்குறிப்பும் கூடவே வரும். இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பற்றியதே இத்துறை. எந்தக் கார்டை வாங்கலாம் என்ற கேள்விக்கு விடை உரிய இடத்தில் தரப்படும்.

மேடை விலைக்கு ஆகச் சிறந்த எடுத்துக்காட்டு 2025 ஜனவரி 6 அன்று லாஸ் வேகாசில் கிடைத்தது. என்விடியாவின் தலைவர் ஜென்சன் ஹுவாங் பளபளக்கும் ஜாக்கெட்டுடன் மேடையேறி, ஆர்டிஎக்ஸ் 5070 என்ற கார்டு 4090இன் திறனை 549 டாலருக்குத் தரும் என்று அறிவித்தார். 4090 என்பது 2022 அக்டோபரில் 1,599 டாலருக்கு வந்த கார்டு. அதில் 24 ஜிபி நினைவகம். 5070இல் 12 ஜிபி. செயற்கை நுண்ணறிவு இல்லாமல் இது சாத்தியமே இல்லை என்றும் அவர் சேர்த்துக்கொண்டார். அன்று சொன்னவற்றில் எழுத்துக்கு எழுத்து நம்பக்கூடியது அந்த ஒன்றுதான். இந்தக் கார்டோடு வந்த புதிய முறையில் திரையில் தெரியும் நான்கு பிரேம்களில் ஒன்றைத்தான் கார்டு முறைப்படி வரைகிறது. மீதி மூன்றும் செயற்கை நுண்ணறிவின் கைங்கரியம். அந்த மூன்றையும் கழித்துவிட்டு மார்ச் மாதம் அளந்து பார்த்தவர்களுக்கு 5070 ஏறத்தாழ 4070 சூப்பருக்குப் பக்கத்தில் வந்து நின்றது. 4070 சூப்பர் அதற்கு முந்தைய வருடம் 599 டாலருக்கு வந்த கார்டு. ஆக, வருடம் ஒன்று ஆனதற்குக் கிடைத்தது 50 டாலர் தள்ளுபடி. அதை அப்படியே சொல்லியிருந்தால் யாரும் கோபித்திருக்க மாட்டார்கள்; யாரும் கைதட்டியிருக்கவும் மாட்டார்கள்.

இத்துறையின் வரலாறு நீண்டது. ஒரே கார்டுக்கு இரண்டு விலை அறிவிக்கும் வழக்கம் 2016இல் என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1080 வந்தபோது நிலைபெற்றது. விலை 599 டாலர். நிறுவனமே தன் பெயரில் விற்கும் ஃபவுண்டர்ஸ் எடிஷன் என்றால் 699. முதலில் கடைக்கு வந்தது எது என்று கேட்பவர் இத்துறைக்குப் புதியவர். 2018இல் வந்த 2080 டிஐக்கு மேடை விலை 999, ஃபவுண்டர்ஸ் எடிஷன் 1,199. அதன் பெருமையே, ஒளியின் பாதையைக் கணக்கிட்டுக் காட்சியை வரையும் ரே டிரேசிங்தான்; கார்டு செப்டம்பரில் வந்தது, அந்த வித்தையைக் காட்டும் முதல் பெரிய விளையாட்டு நவம்பரில் வந்தது. 2020இல் 3080 கார்டை 699 டாலர் என்றார்கள். அது நியாயமான விலை என்று உலகமே ஒத்துக்கொண்டது. ஒத்துக்கொண்ட கையோடு மொத்தச் சரக்கையும் தானியங்கி நிரல்களை வைத்து மறுவிற்பனைக்காரர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். பின்னாலேயே கிரிப்டோ சுரங்கக்காரர்கள் வந்தார்கள். 699 என்பது அதன்பின் ஒரு நினைவுச்சின்னம் போல ஆயிற்று.

2022 செப்டம்பரில் நடந்தது தனி அத்தியாயம். 4080 என்ற பெயரில் இரண்டு கார்டுகள் அறிவிக்கப்பட்டன: 16 ஜிபி 1,199 டாலர், 12 ஜிபி 899 டாலர். நினைவகம் மட்டும்தான் வித்தியாசம் என்று நினைக்கத் தோன்றும், அப்படி நினைக்க வைப்பதற்காகத்தானே ஒரே பெயர். 12 ஜிபி கார்டின் உள்ளே இருந்த சிப்பே வேறு; அதன் கணக்கிடும் கோர்களும் குறைவு. ஊர் சிரித்தது. அக்டோபர் 14 அன்று அந்த 12 ஜிபி கார்டு வாபஸ் பெறப்பட்டது. கடைக்கு வருமுன்பே விலக்கிக்கொள்ளப்பட்ட அதே கார்டு மறு ஜனவரியில் 4070 டிஐ என்ற நாமகரணத்துடன், 799 டாலருக்கு, ஒன்றும் நடக்காத மாதிரி வந்து நின்றது.

இனி இந்திய விலை. 549 டாலரை அன்றைய 86 ரூபாயால் பெருக்கினால் 47,000 சொச்சம். அமெரிக்க விலையில் விற்பனை வரி சேராது. இந்திய விலையில் 18 சதவீத ஜிஎஸ்டி சேரும். சேர்த்தால் 56,000க்குச் சற்றுக் குறைவு. அறிவிக்கப்பட்ட விலை 59,000. நடுவில் உள்ள மூவாயிரம் எதற்கு என்பது பாடத்திட்டத்தில் இல்லை. அந்த 59,000த்தைச் சென்னை ரிச்சி தெருவில் உச்சரித்துப் பார்த்த வாங்குபவர் ஒருவரின் அனுபவம் ஆய்வுக்கு உதவும். கடைக்காரர் சிரிக்கவில்லை, அது அவருடைய தொழில் நாகரிகம். "அது நெட்டு ரேட்டு சார்" என்றார். பிறகு, அந்த மாடல் வரவே இல்லை என்றும், வந்திருப்பது வேகம் கூட்டிய ஓசி மாடல்தான் என்றும் தெரிவித்தார். பெயர்தான் ஓசி. பிறகு, கணினிக்கு மின்சாரம் தரும் ஒரு எஸ்எம்பிஎஸ்ஸும் சேர்த்து எடுத்தால் "பாத்துப் போட்டுத் தரேன்" என்றார். வாங்குபவரிடம் எஸ்எம்பிஎஸ் ஏற்கெனவே இருக்கிறது, நன்றாகவே ஓடுகிறது. இது சென்ற வாரம் நடந்தது. அவர் மனம் இன்னும் ஆறவில்லை என்று அறியப்படுகிறது.

விலைக்கு அடுத்தபடியாகக் கற்க வேண்டியது விமர்சனம். விமர்சனங்கள் தலைப்பால் மாறுபடும், கடைசிப் பத்தி எல்லாவற்றுக்கும் ஒன்றே: "சொன்ன விலைக்குக் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம்." இந்தத் தீர்ப்பின் தன்மையை விளங்கிக்கொள்ள ஓர் ஓட்டலை எடுத்துக்கொள்ளலாம்.

மசால் தோசை 20 ரூபாய் என்று ஓட்டல் அறிவிக்கிறது. முந்தின நாளே விமர்சகர்களை அழைத்து ஆளுக்கொரு தோசையை இலவசமாகக் கொடுக்கிறது. மறுநாள் மாலை ஏழரை வரை வாயைத் திறக்கக்கூடாது என்று கையெழுத்து வாங்கிக்கொள்கிறது. விமர்சகர்கள் தோசையின் விட்டத்தை அளக்கிறார்கள். வெப்பக் கேமராவில் நடுப்பகுதியையும் ஓரத்தையும் தனித்தனியே படமெடுக்கிறார்கள். பிய்க்கும்போது எழும் சத்தத்தை டெசிபெலில் குறிக்கிறார்கள். போன வருடத் தோசையைவிட இது 14 சதவீதம் முறுகல் என்று பட்டை வரைபடம் போடுகிறார்கள். அந்த வரைபடம் பூஜ்யத்தில் தொடங்காமல் 80இல் தொடங்குவதால், போன வருடத் தோசை ஊத்தாப்பம் மாதிரித் தெரிகிறது. 20 ரூபாய்க்கு இப்படியொரு தோசையா என்று ஐந்து நட்சத்திரம் கொடுக்கிறார்கள்.

ஏழரைக்குக் கதவு திறக்கிறது. ஏழு முப்பத்தொன்றுக்கு 20 ரூபாய்த் தோசை தீர்ந்துவிட்டது. வாங்கிய மூன்று பேரில் இருவர் வாசலிலேயே நின்று அதை 60 ரூபாய்க்கு விற்கிறார்கள். உள்ளே ஓசி தோசை மட்டும் இருக்கிறது, 45 ரூபாய். மாவு அதே மாவு. கல் மட்டும் கொஞ்சம் கூடுதல் சூடு, அந்தச் சூட்டைத் தணிக்க மேலே மூன்று மின்விசிறி, சுற்றிலும் ஏழு வண்ண விளக்கு. சுவை இரண்டு சதவீதம் அதிகம் என்று பெட்டியில் போட்டிருக்கிறது. வெள்ளைத் தட்டில் வேண்டுமென்றால் இன்னும் ஐந்து ரூபாய். இது போக, அதே பெயரில், அதே அளவில், பாதி மசாலா வைத்த தோசை ஒன்றும் உண்டு. விமர்சகர்களுக்கு அனுப்பியது முழு மசாலா. பாதி மசாலாக்காரர் பிரித்துப் பார்க்கும்போது தெரிந்துகொள்வார். வடையோடு சேர்த்து எடுத்தால்தான் எந்தத் தோசையும் தருவோம் என்கிறார் சர்வர்.

அத்தோடு தீரவில்லை. தட்டில் ஒரு தோசையை வைத்து, அதன் பக்கத்தில் மூன்று தோசையின் படத்தை வைத்து, மொத்தம் நான்கு என்று எண்ணிக் காட்டுகிறார்கள். படம் தத்ரூபமாகத்தான் இருக்கிறது, அதைக் குறை சொல்ல முடியாது. பசி மட்டும் ஒரு தோசைக்கு உரிய அளவே ஆறுகிறது. சரியாக இதுவேதான் திரையிலும் நடக்கிறது: பிரேம் கணக்கு இருநூறைத் தாண்டும், மவுசை அசைத்தால் கை உணர்வது கார்டு உண்மையாக வரைந்த பிரேம்களின் வேகத்தைத்தான். விமர்சகரிடம் போய் முறையிட்டால், "நான் 20 ரூபாய்க்குக் கிடைத்தால் என்றுதானே சொன்னேன்" என்பார். உண்மைதான். அவர் பொய்யே சொல்லவில்லை. அவர் பொய் சொல்லவில்லை என்பதுதான் எரிச்சலின் மூலகாரணம். தோசை பற்றி இவ்வளவு போதும். சட்னியைப் பற்றியும் சொல்ல நிறைய இருக்கிறது, அது விரிவஞ்சி விடப்பட்டது.

விமர்சகர்கள் எல்லோரையும் ஒரே தராசில் வைப்பதும் முறையல்ல. 2020 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் ஹார்ட்வேர் அன்பாக்ஸ்டு யூடியூப் சேனலுக்கு என்விடியாவிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. ரே டிரேசிங்குக்குப் போதிய முக்கியத்துவம் தராததால் இனி ஃபவுண்டர்ஸ் எடிஷன் கார்டுகள் அனுப்ப மாட்டோம் என்பது சாரம். அவர்கள் அதை வெளியே சொன்னார்கள், எதிர்ப்பு கிளம்பியது, நிறுவனம் மன்னிப்புக் கேட்டுப் பின்வாங்கியது. அதன்பின் முறைகள் நாசூக்காயின. 2025 பிப்ரவரியில் 5070 டிஐ வந்தபோது, மேடை விலையில் உள்ள மாடல்களின் விமர்சனங்கள் ஒரு நாள் முன்னதாக வெளிவர அனுமதி. விலை கூடிய மாடல்களின் விமர்சனங்கள் மறுநாள். முதலில் படிப்பவர் மனதில் 749 டாலர் பதிந்துவிடும் அல்லவா. ஏப்ரலில் 5060 டிஐ வந்தது: 8 ஜிபி 379 டாலர், 16 ஜிபி 429 டாலர். விமர்சகர்கள் கைக்குப் போனவை பெரும்பாலும் 16. மே மாதம் 5060 வந்தபோது இன்னும் எளிய வழி கண்டார்கள்: கார்டு கடைக்கு வரும்வரை பெரும்பாலான விமர்சகர்களுக்கு டிரைவர் மென்பொருளே தரப்படவில்லை. வெளியான மே 19 அன்று விமர்சகர்களில் பலர் கம்ப்யூடெக்ஸ் கண்காட்சிக்காகத் தைபேயில் இருந்தார்கள். முன்கூட்டியே டிரைவர் கிடைத்த சிலர், குறிப்பிட்ட சில விளையாட்டுகளில், பல தலைமுறை பழைய கார்டுகளோடு ஒப்பிட்டு எழுதியதற்கு முன்னோட்டம் என்று பெயர்.

போட்டி நிறுவனமான ஏஎம்டி இதில் சொக்கத்தங்கம் என்று நினைக்க வேண்டாம். 4 ஜிபி நினைவகம் இந்தக் காலத்துக்குப் போதாது என்று 2020இல் கட்டுரை வெளியிட்டு, 2022இல் 199 டாலருக்கு 4 ஜிபி கார்டு கொண்டுவந்த நிறுவனம் அது. 2025 மார்ச்சில் 599 டாலர் என்று வந்த அதன் 9070 எக்ஸ்டி முதல் நாள் பல இடங்களில் அந்த விலைக்கே கிடைத்தது. முதல் சரக்கு தீர்ந்ததும் விலை மேலே ஏறிக்கொண்டது.

எஞ்சியிருப்பது வாங்குபவர். இவரைப் பற்றி நூல்கள் அதிகம் பேசுவதில்லை, பேசவும் விஷயம் குறைவு. இவர் எல்லா விமர்சனங்களையும் பார்த்து முடித்திருப்பார். போலி பிரேம், பூஜ்யத்தில் தொடங்காத வரைபடம், தீர்ந்துபோன சரக்கு எல்லாம் இவருக்கு அத்துப்படி. மற்றவர்களுக்கு வகுப்பும் எடுப்பார். "இந்த முறை யாரும் வாங்கக்கூடாது, அப்பத்தான் புத்தி வரும்" என்று பேசுபவரும் இவரே. எஸ்எம்பிஎஸ்ஸோடு கார்டை வாங்கிக்கொண்டு ஆட்டோ ஏறுபவரும் இவரே. வீட்டுக்கு வந்து, வாங்கிய கார்டின் விமர்சனத்தை மறுபடியும் போட்டு, திட்டுகிற இடங்களை மட்டும் தள்ளிவிட்டுப் பார்ப்பார். இப்படிப்பட்ட ஒருவரை நம்பித்தான் 549 டாலர் என்று மேடையில் துணிந்து சொல்ல முடிகிறது.

கடைசியாக நிவாரணம். 2014இல் வந்த என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 970 கார்டில் 4 ஜிபி நினைவகம் என்று போட்டிருந்தது. அதில் கடைசி அரை ஜிபி மிக மெதுவாக இயங்கும் தனிப் பகுதி என்பதை வாங்கியவர்களே கண்டுபிடித்தார்கள், 2015 ஜனவரியில் நிறுவனமும் ஒத்துக்கொண்டது. எல்லா விமர்சனங்களும் அதற்குள் வெளிவந்து, பாராட்டி, பழசாகியிருந்தன. வழக்கு 2016இல் சமரசத்தில் முடிந்தது: கார்டு ஒன்றுக்கு 30 டாலர், அமெரிக்காவில் வாங்கியவர்களுக்கு மட்டும்.