‘நெ’ எனும் ஒற்றைச் சொல்லின் உடன்பாடு, மறுப்பு, வினா குறித்து ஓர் ஆய்வு

ஐரோப்பாவின் தென்கிழக்கு மூலையில் ஓர் ஆறு ஓடுகிறது. பல்கேரியர் அதை மரித்சா என்பர், கிரேக்கர் எவ்ரோஸ் என்பர், துருக்கியர் மெரிச் என்பர். எதிர்னே நகருக்கு அருகே மூன்று நாடுகளின் எல்லைகளும் இந்த ஆற்றில்தான் கூடுகின்றன. ஆற்றுக்கு மூன்று பெயர் இருப்பதில் வியப்பில்லை. நம் ஊர்களில் தெருவுக்கே மூன்று பெயர் உண்டு. அறிவுலகம் கவலைப்பட வேண்டியது வேறொன்று. பல்கேரியர் ‘நெ’ என்றால் இல்லை. கிரேக்கர் ‘நெ’ என்றால் ஆம். துருக்கியர் ‘நெ’ என்றால் என்ன. (அதற்குப் பொருளே ‘என்ன’ என்பதுதான், இவ்வாய்வாளர் கேட்கும் கேள்வி அன்று.)

இதன் விளைவைச் சோதிக்க, மூன்று லாரி ஓட்டுநர்களை ஒரு கடையில் உட்காரவைப்போம். தேநீரின் பெயரில் மூவருக்கும் பெரிய வழக்கில்லை: சாய், த்ஸாய், சாய். கடைக்காரர் “வேண்டுமா?” என்கிறார். மூவரும் ஒரே குரலில் “நெ” என்கிறார்கள். ஒருவருக்குக் கொடுக்க வேண்டும், ஒருவருக்குக் கொடுக்கக் கூடாது, ஒருவரிடம் மறுபடி உரக்கக் கேட்க வேண்டும். தலையைப் பார்த்து முடிவு செய்யலாமே என்பார்கள் அனுபவமில்லாதவர்கள். பல்கேரியர் இடவலமாகத் தலையாட்டினால் சம்மதம். கிரேக்கர் தலையை அண்ணாந்து புருவத்தைத் தூக்கினால் மறுப்பு. கடைக்காரருக்கு விடிவு கிடையாது.

இந்த மூன்று நிலைகளையும் ஒரே வாயில் வைத்திருந்த ஒரு கூட்டம் முன்பே வாழ்ந்திருக்கிறது. அவர்கள் உரோமர்கள். லத்தீனில் சொல்லின் வாலில் ‘நெ’யைச் சேர்த்தால் வினா, நாம் ‘வந்தான்’ என்பதில் ஆகாரத்தைச் சேர்த்து ‘வந்தானா’ என்பதுபோல. வாக்கியத்தின் முன்னே நீட்டி ‘நே’ என்றால் ‘செய்யாதே’ அல்லது ‘ஆகிவிடக் கூடாதே’. அதே ‘நே’ வேறிடத்தில் ‘சத்தியமாக’ என்றும் பொருள்படும். இத்தனையும் ஒரே அகராதிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவர்கள் ஒரு பேரரசை நடத்தினார்கள் என்பது நிர்வாகவியலார் தனியே ஆராய வேண்டிய செய்தி.

தோற்றத்துக்கு வருவோம். மறுப்பு ‘நெ’ பழமையானது. பல்கேரியர், செக்கர், லிதுவேனியர் வாயிலெல்லாம் இன்றும் உயிரோடிருக்கிறது. வடமொழியில் அதன் உடன்பிறப்பு ‘ந’. ‘ந அஸ்தி’ சேர்ந்து பிறந்த நாத்திகர் நமக்கு நன்கு தெரிந்தவர். ஆங்கிலத்தின் ‘நோ’, ‘நெவர்’, ‘நன்’ மூன்றின் தலையிலும் உட்கார்ந்திருப்பது இதே ‘நெ’. கிரேக்கரின் சம்மத ‘நெ’ முன்னாளில் ‘நை’ என்று ஒலித்தது. அது வேறு குலம். லத்தீனின் ‘சத்தியமாக’ வழி உறவு.

அப்படியானால் கிரேக்கத்துக்குரிய மறுப்பு ‘நெ’ எங்கே போயிற்று? இவ்வாய்வின் உயிர்நிலை இதுதான். மறுப்பு ‘நெ’ மெலிந்த சொல். காதில் விழாது. ஆகவே துணைக்கு ஆள் வைத்துக்கொள்ளும். பிரெஞ்சில் ‘ஓர் அடிகூட நடக்கவில்லை’, ‘ஒரு துணுக்குகூடத் தின்னவில்லை’, ‘ஒரு சொட்டுகூடக் குடிக்கவில்லை’ என்று தொடங்கி, கடைசியில் ‘அடி’ என்னும் பொருளுள்ள ‘பா’ எல்லா வினைக்கும் துணையானது. பிறகு வாடகைக்கு வந்தவன் வீட்டுக்காரரை வெளியேற்றிய கதைதான். ‘எனக்குத் தெரியாது’ என்பதைப் பாரீசில் பேச்சுவாக்கில் ‘ஷே பா’ என்கிறார்கள். ‘நெ’யைக் காணோம், அடி மட்டும் மறுக்கிறது. இந்தச் சுழற்சியை டென்மார்க்கின் மொழியியலாளர் ஓட்டோ யெஸ்பர்சன் 1917இல் விளக்கினார். கிரேக்கர் இதே வேலையை வரலாற்றுக்கு முன்பே முடித்துவிட்டார்கள் என்பது மொழியியலாளர் வாரன் கௌகில் 1960இல் முன்வைத்த கருத்து. ‘ஆயுளில் இல்லை’ என்ற தொடரில் ‘இல்லை’ உதிர்ந்து, ஆயுள் மட்டும் எஞ்சி மறுப்பாயிற்றாம். வடமொழி ‘ஆயு’வும் அதே வேர். அதிலிருந்து வளர்ந்ததே இன்றைய ‘ஓஹி’. கிரேக்கர் ஒவ்வொரு முறை மறுக்கும்போதும் ஆயுளைத்தான் சொல்கிறார். இவ்வாய்வாளருக்கு இது மிகவும் பிடித்திருக்கிறது, ஆகவே ஏற்கப்படுகிறது.

‘ஓஹி’க்குக் கிரேக்கத்தில் அரசு விடுமுறையே உண்டு. 1940 அக்டோபர் 28 விடியுமுன், முசோலினியின் இறுதி எச்சரிக்கையோடு வந்த இத்தாலியத் தூதரிடம் பிரதமர் மெதக்ஸாஸ் ‘ஓஹி’ என்றதாக நாடு கொண்டாடுகிறது. அவர் சொன்னது ‘அப்படியானால் போர்தான்’; அதுவும் பிரெஞ்சில். கடன் கொடுத்தோரின் நிபந்தனைகளை ஏற்பதா என்று 2015 ஜூலை 5 அன்று அங்கே நடந்த வாக்கெடுப்பின் சீட்டில் ‘ஓஹி’ மேலேயும் ‘நெ’ கீழேயும் அச்சாகியிருந்தன. 61 விழுக்காட்டினர் மேலே இருந்ததற்கே போட்டார்கள்.

இனி ஒரு முன்னெச்சரிக்கை. நன்னூல் வகுத்த நாற்பத்திரண்டு ஓரெழுத்து ஒருமொழிகளில் ‘நே’ உண்டு, பொருள் அன்பு. அன்புள்ளவர் ‘ஆம்’ என்பார், எனவே கிரேக்கரின் சம்மதம் தமிழிலிருந்து போனது என்று நாளை ஒருவர் மேடையேறுவார். குறில் ‘நெ’ அந்தப் பட்டியலில் இல்லை. அவரைக் கீழே இறக்க இது போதாது என்றாலும் பதிவு செய்து வைப்போம்.

எதிர்னே வழியாகப் பயணம் போகிறவர்களுக்கு: சம்மதத்துக்குத் துருக்கியில் ‘எவெத்’, பல்கேரியாவில் ‘தா’, கிரேக்கத்தில் மட்டும் ‘நெ’. எங்கே சொன்னாலும் தலையை ஆட்டாமல் சொல்லுங்கள்.