விக்கிரமங்கலம் வட்டாரத்தில் ஈகோ: ஒரு முன்னாய்வு

சிக்மண்ட் பிராய்டு 1923-இல் எழுதிய நூலில் ஈகோ ஒரு பாவப்பட்ட ஜீவன். ஆசை ஒரு பக்கம் இழுக்கும், மனசாட்சி மறுபக்கம் அதட்டும். நடுவில் நின்று சமாதானம் பேசுவது அதன் வேலை. வியன்னாவில் பஞ்சாயத்து பண்ணிக்கொண்டிருந்த அந்தச் சொல், அரியலூர் மாவட்டம் விக்கிரமங்கலத்துக்கு வந்து சேர்வதற்குள் தகராறுக்கே பெயராகிவிட்டது. "அவங்க ரெண்டு பேருக்கும் ஈகோ" என்றால் பேச்சுவார்த்தை கிடையாது என்று பொருள்.

இதில் ஒரு வசதி இருக்கிறது. பகை என்றால் வெட்டுக்குத்து வேண்டும். சண்டை என்றால் முதலில் கை நீட்டியது யார் என்று கேட்பார்கள். ஈகோவுக்குக் காரணமும் வேண்டாம், குற்றவாளியும் வேண்டாம். வேலி தாண்டிய முந்திரிக் கிளையிலிருந்து உதிர்ந்த கொட்டை யாருக்கு என்று தொடங்கியிருக்கும். மூன்றாம் வருடம் கொட்டை மறந்துபோகும், ஈகோ நிற்கும்.

மாவட்டத்தின் வரலாறும் ஆய்வுக்குரியதே. 1995-இல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் பிரிந்தது. 2001-இல் தி.மு.க. ஆட்சியில் அரியலூர் தனிக்குடித்தனம் போனது, 2002-இல் அ.தி.மு.க. ஆட்சியில் மறுபடி ஒரே அடுப்பு, 2007-இல் தி.மு.க. ஆட்சியில் மீண்டும் தனி. காரணம் நிர்வாகம் என்று கோப்பு சொல்லும். டீக்கடை வேறு சொல்லும்.

ஈகோவின் அளவை அறியக் கல்யாணமே தக்க களம். பத்திரிகையைத் தானே வந்து வைக்காமல் பையனிடம் கொடுத்தனுப்பினால் அது முதல் நிலை. கொடுத்தனுப்பியதையும் வாங்காமல் "திண்ணையில வச்சிட்டுப் போ" என்றால் முற்றிய நிலை. ஆனால் வாங்கிய மொய்யைத் திருப்பியாக வேண்டுமே! ஆகவே நம்மாள் மண்டபத்துக்குள் கால் வைக்காமல், வாழைமரத்தோரம் நின்று, மச்சினன் கையில் கவரைத் திணிக்கிறார்.

"இனிஷியலோட எழுதச் சொல்லுடா. எழுதுறதைப் பார்த்துட்டு வா."

அதே பேரில் ஊரில் இன்னொருவர் இருக்கிறார். ஐந்நூற்றொன்று அவர் கணக்கில் ஏறிவிடக்கூடாது. எதிராளி வீட்டு நோட்டில் தன் பேர் சுத்தமாக இருக்கவேண்டும் என்ற இந்தத் துடிப்பைப் பிராய்டு கண்டுகொள்ளவில்லை. பாவம், அவர் மொய் எழுதியவரல்ல.

தீர்வு? கல்யாணத்துக்குச் சொன்னால்தான் போவார்கள்; சாவுக்குச் சொல்லாமலே போவார்கள். கேதவீட்டில் மாலையோடு வந்தவர் கையைப் பிடித்துவிட்டால் பத்து வருட ஈகோ அத்தோடு சரி. பிறகு கருமாதிப் பத்திரிகை அச்சாகி வரும். யார் பேர் மேலே, யார் பேர் கீழே என்று பார்ப்பார்கள்.