கோடு போட்டுக் கோட்டை விடுவது எப்படி?

ஐடி பங்கு ஒன்றை வாங்கலாமா, வைத்திருக்கலாமா, விற்றுத் தொலைக்கலாமா என்று தூக்கம் கெடுகிறதா? ஆண்டறிக்கையைத் திறந்தால் கொட்டாவி வருகிறதா? உங்களைப் போன்றவர்களுக்காகவே இருக்கிறது 200 நாள் நகரும் சராசரி. கீழே உள்ள படிகளை வரிசை பிசகாமல் பின்பற்றுங்கள். மனத்துக்குள் ஏற்கெனவே எடுத்துவிட்ட முடிவுக்கே கணித ஆதாரத்தோடு வந்து சேர்வீர்கள்.

படி 1: கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள், உடனே மறந்துவிடுங்கள்

கடைசி 200 வர்த்தக நாட்களின் முடிவு விலைகளைக் கூட்டி 200-ஆல் வகுத்தால் ஒரு புள்ளி கிடைக்கும். நாளைக்கு ஒரு புது விலை உள்ளே வரும், இருப்பதிலேயே பழைய விலை வெளியே போகும், அடுத்த புள்ளி கிடைக்கும். புள்ளிகளைச் சேர்த்தால் கோடு. விலை அதற்கு மேலே இருந்தால் ஏறுமுகம், கீழே இருந்தால் இறங்குமுகம். அவ்வளவுதான் வித்தை.

இதில் ஒரு சங்கடம் உண்டு. அந்த 200 விலைகளின் சராசரி வயது ஏறக்குறைய 100 வர்த்தக நாள். அதாவது, கோடு சொல்வது சுமார் ஐந்து மாதப் பழைய சேதி. ஆனால் செல்போன் திரையில் அது இன்றைய தேதி வரை நீண்டு பளபளவென்று நிற்கிறது. திரையை நம்புங்கள்.

படி 2: பெயருக்குப் பயப்படுங்கள்

50 நாள் கோடு 200 நாள் கோட்டைக் கீழிருந்து மேலே வெட்டினால் ‘கோல்டன் கிராஸ்’. மேலிருந்து கீழே வெட்டினால் ‘டெத் கிராஸ்’. “இரண்டரை மாதச் சராசரி பத்து மாதச் சராசரியைவிடக் குறைந்துவிட்டது” என்று சொன்னால் எவரும் காபி டம்ளரைக் கீழே வைக்க மாட்டார்கள். மரணம் என்றால் வைப்பார்கள்.

2020 கொரோனா சரிவில் அமெரிக்காவின் எஸ் அண்ட் பி 500 குறியீடு அடிமட்டத்தைத் தொட்டது மார்ச் 23. அதில் டெத் கிராஸ் விழுந்தது மார்ச் 30. பந்தி முடிந்து இலை எடுத்த பிறகு வந்து சேர்ந்த கல்யாணப் பத்திரிகை அது. அதைப் பார்த்து விற்றவர்கள் மீட்சிக்கு முதுகைக் காட்டினார்கள். நீங்களும் தேதியைப் பார்க்காதீர்கள், பெயரை மட்டும் பாருங்கள்.

படி 3: கோடு ஜெயித்த கதை ஒன்றை மனப்பாடம் செய்யுங்கள்

சிஸ்கோ கதை இதற்குத் தோதானது. இணையத்துக்குக் கருவிகள் செய்து கொடுத்த இந்த நிறுவனம் 2000 மார்ச்சில் உலகிலேயே அதிகச் சந்தை மதிப்புள்ள நிறுவனமாக இருந்தது. மதிப்பு 50,000 கோடி டாலருக்கு மேல், பங்கு விலை சுமார் 80 டாலர். அந்த ஆண்டு முடியும் முன்பே விலை 200 நாள் கோட்டுக்குக் கீழே விழுந்தது. 2002 அக்டோபரில் 10 டாலர்கூட இல்லை. கோடு உடைந்ததும் வெளியேறியவர் பெரும்பகுதிப் பணத்தைக் காப்பாற்றிக்கொண்டார்.

இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கோடு மணியடித்தபோது விலை உச்சத்திலிருந்து ஏற்கெனவே நன்றாக இறங்கியிருந்தது என்பதைச் சொல்லாதீர்கள். உச்சத்தில் அந்தப் பங்கு வருட லாபத்தைப்போல 100 மடங்குக்கும் மேலான விலையில் கைமாறியதையும் சொல்லாதீர்கள். அந்த ஒரே ஒரு வகுத்தல் கணக்கு, கோட்டுக்குப் பல மாதங்கள் முன்பே எச்சரித்திருக்கும். அந்த 80 டாலரை மறுபடி பார்க்க சிஸ்கோவுக்கு 25 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. நிறுவனம் நன்றாகத்தான் இருந்தது. கொடுத்த விலைதான் கேடு.

படி 4: மைக்ரோசாஃப்ட் பேச்சை எடுக்காதீர்கள்

1999 டிசம்பரில் 60 டாலரை நெருங்கிய மைக்ரோசாஃப்ட் பங்கு, அந்த விலைக்குத் திரும்பியது 2016-ல். இடையில் பல ஆண்டுகள் கோடு தரையோடு தரையாகப் படுத்திருந்தது, விலை அதன் மேலும் கீழும் ஊசலாடியது. ஒவ்வொரு தாண்டலையும் உத்தரவாக எடுத்துக்கொண்டவர் ஏறிய பின் வாங்கி, இறங்கிய பின் விற்று, திரும்ப ஏறிய பின் வாங்கினார்.

இதே திருப்பணியை நம்மூர்ப் பங்கில் செய்தால் கூடுதல் புண்ணியம் கிடைக்கும். வாங்கும்போதும் விற்கும்போதும் 0.1 சதவீதம் பரிவர்த்தனை வரி. அதற்கு மேல் தரகு. ஓராண்டுக்குள் விற்றுத் தப்பித்தவறி லாபம் வந்தால் அதில் 20 சதவீதம் வரி. பொறுத்திருந்து விற்றவருக்கோ 12.5 சதவீதம்தான், அதுவும் ஆண்டுக்கு ஒன்றேகால் லட்சம் லாபத்துக்கு மேல் போனால்.

அந்த மந்தமான வருடங்களில் மைக்ரோசாஃப்டின் வருவாய் 2000 நிதியாண்டின் சுமார் 2,300 கோடி டாலரிலிருந்து 2013-ல் சுமார் 7,800 கோடி டாலராக வளர்ந்தது. கோட்டுக்கு இது எதுவும் தெரியாது. அது நிறுவனத்தைப் பார்த்ததே இல்லை, விலையை மட்டுமே பார்த்திருக்கிறது.

படி 5: ரிசல்ட் தேதியை மதிக்காதீர்கள்

2013 ஏப்ரல் 11 மாலை வரை இன்ஃபோசிஸ் விலை தன் 200 நாள் சராசரிக்கு மேலே சௌகரியமாக உட்கார்ந்திருந்தது. மறுநாள் காலை காலாண்டு முடிவும், அடுத்த ஆண்டுக்கான மெலிந்த வளர்ச்சிக் கணிப்பும் வந்தன. ஒரே நாளில் 21 சதவீதச் சரிவு. கோட்டைத் தொட்டதும் விற்கலாம் என்று காத்திருந்தவருக்குக் கோட்டருகே ஒரு விலை கிடைத்திருந்தால் அதிர்ஷ்டம், பங்கு ஒரே நாளில் அதைத் தாண்டிக் குதித்துவிட்டது. அதனால் என்ன, அடுத்த ரிசல்ட்டுக்கும் இப்படியே காத்திருங்கள்.

படி 6: போனஸ் பங்கைக் கணக்கில் சேர்க்காதீர்கள்

கணினியை நம்பாமல் நோட்டில் விலை எழுதிக் கோடு போடும் உழைப்பாளிகளுக்கு இது. இன்ஃபோசிஸ் 2014, 2015, 2018 ஆகிய ஆண்டுகளில் ஒன்றுக்கு ஒன்று போனஸ் கொடுத்தது. பங்கு இரட்டிப்பாகும், விலை பாதியாகும், உங்கள் சொத்து அப்படியே இருக்கும். பழைய விலைகளைப் பாதியாக்காமல் விட்டால் நோட்டில் மாபெரும் வீழ்ச்சி தெரியும். பதறிப்போய் விற்க அருமையான வாய்ப்பு.

படி 7: கோடு பிடிக்கவில்லையா, மாற்றிக்கொள்ளுங்கள்

இதுதான் கலையின் உச்சம். வாங்கிய பங்கு கோட்டுக்குக் கீழே போனதும் நண்பர் கேட்பார்:

“மச்சான், 200 உடைஞ்சிருச்சே, வித்துட்டியா?”

“இல்லடா, 250 நாள் கோடு இன்னும் தாங்குது.”

அதுவும் உடைந்தால் அண்மை விலைகளுக்கு அதிக எடை தரும் எக்ஸ்பொனென்ஷியல் சராசரிக்கு மாறுங்கள். அதுவும் கைவிட்டால் நாள் கோட்டை மாதக் கோடாக்குங்கள். எல்லாம் போனால், “நான் லாங் டெர்ம் இன்வெஸ்டர்” என்று அறிவித்துவிடுங்கள். துடிப்பானவர்கள் கடந்த ஐந்து ஆண்டு விலைகளில் எல்லா எண்களையும் போட்டுப் பார்த்து, அதிக லாபம் காட்டும் எண்ணைத் தேர்ந்தெடுக்கலாம். 187 என்று வரும். அந்த ஐந்து ஆண்டுகளுக்கு அது அற்புதமான எண். அவை திரும்பி வராது என்பது ஒன்றுதான் குறை.

படி 8: பெரிய மனிதரின் பெயரைச் சொல்லுங்கள்

1987 அக்டோபர் சரிவில் சம்பாதித்துப் புகழ்பெற்ற பால் டியூடர் ஜோன்ஸ், 200 நாள் சராசரியைத் தன் முக்கிய அளவுகோலாகச் சொல்லிவந்தவர். சபையில் இது எடுபடும். கோடு உடைந்தால் வெளியேறிவிட வேண்டும் என்பதுதான் அவர் அதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம். நமக்கு அவர் பெயர் போதும், பாடம் வேண்டாம்.

யாருக்கு இந்த வழிகாட்டி பயன்படாது?

பங்கை வாங்கும் முன்பே எந்தக் கோடு, அது உடைந்தால் என்ன செய்வது, எவ்வளவு நஷ்டம் வரை தாங்குவது என்று எழுதி வைப்பவர்களுக்கு. விலை லாபத்தைப்போல எத்தனை மடங்கு என்று முதலில் வகுத்துப் பார்ப்பவர்களுக்கு. நிறுவனத்தை எடைபோட வருவாயையும் லாபத்தையும் படித்துவிட்டு, தங்கள் பிடிவாதத்துக்குக் கடிவாளம் போட மட்டும் கோட்டை வைத்திருப்பவர்களுக்கு. பொய் மணிக்கும் பணிந்து வெளியேறி, வரியும் தரகும் கட்டி, அதை இன்ஷூரன்ஸ் பிரீமியமாக எழுதிக்கொள்ளும் ஆட்கள் அவர்கள். அவர்களோடு சந்தை பற்றிப் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் பேச முடியாது. சொல்வதற்கு அவர்களிடம் ஒரு கதையும் இருக்காது.