காந்தியாரின் அணுகுண்டு: ஓர் ஆராய்ச்சி

கணினியை எதிராளியாக வைத்து ஆடும் யுத்த விளையாட்டுக்களில் அவ்வெதிராளிக்கு நேரும் புத்திக் கோளாறுகள் மூவகைப்படும். முதலாவது, நகரத் தெரியாமை: கப்பலொன்று குடாவுக்குள் புகுந்து முன்னும் பின்னுமாக அசைந்தே யுகத்தைக் கழிப்பது. இரண்டாவது, நிறுத்தத் தெரியாமை. இது மனிதருக்கும் பொதுவாகையால் விட்டுவிடுகிறோம். மூன்றாவது, சுபாவ விபரீதம். எஞ்சிய பக்கமெல்லாம் இதற்கே உரியது. ஏனெனில் இதற்கு உதாரணமாகக் காட்டப்படும் பிழை உலகப் பிரசித்தி பெற்றது, அதைப் பற்றி எழுதினவர்கள் எண்ணிறந்தவர், அப்படி ஒரு பிழை இருந்ததுமில்லை.

1991-ஆம் ஆண்டில் சிட் மையரும் புரூஸ் ஷெல்லியும் வடிவமைத்து மைக்ரோபுரோஸ் கம்பெனியார் வெளியிட்ட ‘சிவிலைசேஷன்’ என்னும் ஆட்டத்தில் பாரத தேசத்தின் தலைவர் மகாத்மா காந்தி. கர்ண பரம்பரை கூறுவதாவது: தலைவர் ஒவ்வொருவருக்கும் ஆக்ரோஷம் இவ்வளவு என்று ஓர் எண் விதிக்கப்பட்டிருந்தது, காந்தியாருக்கு 1, அவர் ஜனநாயகத்தைத் தழுவியதும் அதில் 2 குறைந்தது, எட்டு பிட் கொண்ட அறையில் பூஜ்யத்துக்குக் கீழே இடமின்மையால் அவ்வெண் 255 ஆகிச் சிகரத்தில் ஏறி அமர்ந்தது, அஹிம்சாமூர்த்தி அண்டை அயலார்மேல் அணுகுண்டு வீசலானார்.

இவ்விடத்தில் உரைகாரர் பலபடக் கூறுவர். வெறிக்கு ஜனநாயகமே நிமித்தம் என்ப ஒரு சாரார். அற்றன்று, கழித்தலே நிமித்தம் என்ப பிறர். இவ்விரு சாராரையும் மறுத்தவரை மறுத்தவர் எழுதிய மறுப்பின் அடிக்குறிப்பொன்றில், இரு சாராரும் ஒருவரே, காலையில் எழுதியதை மாலையில் மறந்தவர், என்ற செய்தி காணப்படுவதாக, அவ்வடிக்குறிப்பைக் கண்ணால் காணாத ஒருவர், கண்டதாகச் சொன்னவரை மேற்கோள் காட்டியிருப்பதாகக் கேள்வி. இதனினும் மெலிந்த பிரமாணத்தின்மேல் முனைவர் பட்டங்கள் நிற்பதை நாம் அறிவோமாதலின் இதையும் ஏற்கிறோம்.

ஆராய்ச்சிக்குப் பரம விரோதி, உயிரோடிருந்து குறுக்கிடும் மூலகர்த்தா. 2020-இல் சுயசரிதம் எழுதிய சிட் மையர், அப்படியொரு பிழை நேரவேயில்லை என்றும், தாம் கையாண்ட எண்கள் பூஜ்யத்துக்குக் கீழும் இறங்க வல்லவை என்றும் சொல்லிவிட்டார். இரண்டாம் ஆட்டத்தை வடிவமைத்த பிரையன் ரெனால்ட்ஸோ, முதல் ஆட்டத்தில் ஆக்ரோஷத்துக்கு மூன்றே படிகள் இருந்ததாகவும், கடைப்படியில் காந்தியாரோடு தலைவர்களில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் கூடியிருந்ததாகவும் தம் ஞாபகத்திலிருந்து சாட்சியம் அளித்தார். இவற்றைப் பாடபேதம் என்று ஒதுக்குவதே மரபு. அணுவாயுதம் பெற்ற எந்தத் தலைவரும் மிரட்டும்போது ஒரே வாசகத்தைத்தான் சொல்வர் என்பதும், லிங்கன் சொன்னால் யாரும் காது கொடுக்காத அவ்வாசகம் காந்தியார் வாயிலிருந்து வந்தபோது மறக்கமுடியாததாயிற்று என்பதும் எளிய விளக்கமாகக்கூடும். எளிமையாயிருப்பதே அதன் பெருங்குறை.

இனிக் கால நிர்ணயம். 2010-இல் வெளிவந்த ஐந்தாம் ஆட்டத்தில் ஜான் ஷேஃபர் என்பார், பத்துக்கு அளக்கும் அளவில் காந்தியாரின் அணுகுண்டு மோகத்துக்கு வேண்டுமென்றே, வேடிக்கைக்காக, 12 என்று இட்டார். 255 பற்றிய வியாக்கியானம் பரவத் தொடங்கியதோ 2012 வாக்கில். ஆகவே காரியம் 2010-இல், அதன் காரணம் கண்டறியப்பட்டது 2012-இல், அக்காரணம் நிகழாதிருந்தது 1991-இல் என ஏற்படுகிறது. தார்க்கிகர்கள் இதில் ஆக்ஷேபம் எழுப்பினால் அடுத்த பதிப்பில் 1991-ஐத் திருத்திக்கொள்ளலாம்.