தின்னக்கூடிய மரம்

நியூரம்பெர்க்,
ஜனவரி 3

அன்புள்ள அத்தைக்கு,

மாமாவின் முழங்கால் வலி தேவலையா?

இங்கே சாயங்காலம் நாலரைக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. பள்ளிக்கும் விடுமுறை. வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் பிள்ளைகளை மேய்க்க இந்த ஊர்க்காரர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். மாவு பிசைந்து, ரொட்டி சுட்டு, கிறிஸ்துமஸ் மரத்தில் கட்டித் தொங்கவிடுவது!

பண்டத்தை யாராவது மரத்தில் கட்டுவார்களா என்று கேட்பீர்கள். அதுதான் பழைய வழக்கமாம். 1605-ல் ஸ்ட்ராஸ்பர்க் நகரைப் பார்த்த ஒருவர், வீட்டுக்குள் ஊசியிலை மரம் நிறுத்தி, காகிதப் பூ, ஆப்பிள், மெல்லிய அப்பம், சர்க்கரை எல்லாம் தொங்கவிட்டிருந்ததை எழுதி வைத்திருக்கிறார். கண்ணாடிக் குண்டெல்லாம் பின்னால் வந்தவை. லௌஷா என்ற ஊரில், ஆப்பிள் வாங்க வசதியில்லாத ஒரு தொழிலாளி அதைக் கண்ணாடியிலேயே ஊதிவிட்டார் என்று ஒரு கதை சொல்கிறார்கள். கதையோ நிஜமோ, பிள்ளைகளுக்கு அது நஷ்டக் கணக்குதான்.

இந்த ஊருக்குப் பெருமையே லேப்கூகன் என்கிற தேன் ரொட்டி. சுற்றுக் காட்டில் தேன், வியாபாரிகள் கொண்டுவந்த பட்டை, கிராம்பு, ஏலக்காய். 1643-லேயே இதைச் சுடுகிறவர்களுக்குத் தனிச் சங்கம் இருந்ததாம். "ஏலக்காய் எங்க போடிநாயக்கனூர்ல ஏலம் போற சரக்கு, அதனால பலகாரமும் எங்களுதுதான்" என்று உங்கள் மகன் மாடி வீட்டுப் பாட்டியிடம் வாதாடினார். "அப்படியானால் நீயே பிசை" என்று பாட்டி பாத்திரத்தை அவர் பக்கம் தள்ளிவிட்டார். தேன் ஊற்றிய மாவு லேசில் மசியாது, அத்தை. வெளியே பனி கொட்டுகிறது, உங்கள் மகனுக்கு வேர்வை கொட்டுகிறது.

கடையில் விற்கும் உயர்ந்த ரகத்தில் மாவு பத்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மற்றது பெரும்பாலும் பாதாம் போன்ற பருப்பும் சர்க்கரையும். தின்ன அருமை, தொங்கவிட்டால் பொத்தென்று விழும். மரத்துக்கென்று கெட்டியாகப் பிசைந்து, ஒரு ராத்திரி ஊறவிட்டு, மறுநாள் தேய்த்து அச்சு வைத்து வெட்ட வேண்டும். உங்கள் பேத்தி ஒழுங்காக நட்சத்திரம் வெட்டினாள். பேரனோ அச்சே வேண்டாமென்று கையால் ஒரு காளை பிடித்தான். அடுப்பில் கொம்பு கரைந்து, வயிறு பரந்து, அது முதலையாக வெளியே வந்தது. "அப்பத்தாவுக்குப் படம் அனுப்பும்மா" என்கிறான். அனுப்பியிருக்கிறேன். காளை என்றே சொல்லுங்கள்.

இதில் சூட்சுமம் நூல் கோக்கும் துளையில்தான் இருக்கிறது. வேகும்போது மாவு உப்பி, காது குத்திக் குச்சி செருகாமல் விட்டதுபோல் தூர்ந்துவிடும். வெளியே எடுத்த சூட்டோடு மறுபடி குத்த வேண்டும். ஆறினால் உடையும். பிறகு முட்டையின் வெள்ளைக் கருவில் பொடித்த சர்க்கரையை அடித்து, நுனி வெட்டிய பையில் நிரப்பிப் பிதுக்கி அலங்காரம். பேத்தி புள்ளி வைத்துச் சிக்குக் கோலமே போட்டுவிட்டாள்! பாட்டி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு, கோடு எங்கே தொடங்குகிறது என்று தேடிக்கொண்டே இருந்தார்.

டிசம்பர் 24 அன்று எல்லாவற்றையும் மரத்தில் கட்டினோம். இன்றுவரை ஓர் எறும்புகூட எட்டிப் பார்க்கவில்லை. குளிருக்கு மண்ணுக்குள் முடங்கிக் கிடக்கின்றனவாம். நம் வீட்டிலானால் சட்டியை இறக்குமுன் வரிசை கட்டி நிற்கும். அந்தக் குறை தெரியாமல் உங்கள் மகன் பார்த்துக்கொள்கிறார். ராத்திரி தண்ணீர் குடிக்க என்று எழுந்து போகிறார். காலையில் நூல் மட்டும் ஆடுகிறது. கீழ்க் கிளைகளெல்லாம் பேரன் உயரத்துக்குக் காலி, மேல் கிளைகள் அவன் அப்பா உயரத்துக்குக் காலி. இடையில் உங்கள் பேத்தி பங்கு என்று நான் காவல் காக்கும் கொஞ்சம்தான் மிச்சம்.

முறைப்படி ஜனவரி 6 வரை பொறுக்க வேண்டும். மூன்று ராஜாக்கள் திருநாள், பவேரியாவில் அரசு விடுமுறை. அன்று மரத்தைக் கலைத்து, தொங்குவதையெல்லாம் பிள்ளைகள் கொள்ளையடிக்கலாம். கண்ணெதிரே பலகாரத்தைக் கட்டிவைத்துவிட்டுத் தொடாதே என்பது என்ன நியாயம்? என்னைக் கேட்டால், கட்டுகிற அன்றே கொள்ளைக்கும் உத்தரவு கொடுத்துவிடலாம்.

பிப்ரவரியில் கொழுந்தனார் வரும்போது எட்டு எம்.எம். ஏலக்காய் கால் கிலோ கொடுத்தனுப்புங்கள். பொட்டலத்தில் என் பெயரை எழுதுங்கள். உங்கள் மகனிடம் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் மருமகள்